நீருக்குக் காவல்: நியூஜிலாந்து பிராந்தியக் கவுன்சில்களின் அனுபவம்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஊரில் புதிதாக ஒரு குழாய்க் கிணறு இறக்கினால் அதற்குத் திறப்பு விழா நடத்துகின்றோம். மாலை உண்டு, மேளம் உண்டு, கல்லில் பெயர் பொறிப்பதும் உண்டு. பத்து ஆண்டுகள் சென்ற பின்னர், அக்கிணற்றின் வாய் சரியாக மூடியிருக்கின்றதா, அருகில் மாடு கட்டுகின்றார்களா, மழை நீர் அங்கே தேங்குகின்றதா என்று ஒருவர் போய்ப் பார்த்தால் அதற்கு விழா இல்லை. ஆயினும் ஊராரின் உயிரைக் காப்பது இந்த இரண்டாவது வேலையே ஆகும். கட்டுவது ஒரு நாள் வேலை. கண்காணிப்பது என்றென்றும் செய்ய வேண்டிய வேலை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இக்கண்காணிப்புத்தான்.

இதற்கு உதாரணமாக நியூஜிலாந்து தேசத்தை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. அங்கே மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்குச் சற்றே மேல். பாலும் ஆட்டிறைச்சியும் கம்பளியும் வெளிநாடுகளுக்கு அனுப்பி வாழும் விவசாய தேசம் அது. விவசாயிகள் உள்ளிட்ட மக்கள் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவுன்சில், அந்த விவசாயிகளின் வாய்க்காலையும் தொழுவத்தையும் பார்வையிடும் பொறுப்பை ஏற்று நடத்தி வந்திருக்கின்றது. அதில் வெற்றியும் உண்டு. உயிர்ச் சேதத்தில் முடிந்த தோல்வியும் உண்டு. இரண்டும் ஒளிவு மறைவின்றி எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ஆதலால் நாம் கற்பதற்கு அவ்வனுபவம் மிகவும் ஏற்றது.

ஆற்றின் எல்லையே ஆட்சியின் எல்லை

ஆறு மனிதன் வகுத்த எல்லையை மதிப்பதில்லை. மேட்டில் இருப்பவர் செய்த பிழை பள்ளத்தில் இருப்பவரின் குடத்தில் வந்து சேருகின்றது. இவ்வுண்மையை நியூஜிலாந்து மக்கள் வெள்ளத்தாலும் மண்ணரிப்பாலும் உணர்ந்தனர். 1941ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புக்கும் நதிக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு சட்டம் இயற்றி, நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு வாரியங்கள் அமைத்தனர். 1989ஆம் ஆண்டில் ஸ்தல ஸ்தாபனங்கள் அனைத்தும் திருத்தி அமைக்கப்பட்டபோது, அவ்வாரியங்களின் வேலை பிராந்தியக் கவுன்சில்களிடம் சேர்ந்தது. அக்கவுன்சில்களின் எல்லைகள் பெரும்பாலும் நீர்ப்பிரிவு மேடுகளைத் தழுவியே வகுக்கப்பட்டன. அங்கத்தினர் தேர்தல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது.

இங்கே ஒரு வேலைப் பிரிவினையை நீங்கள் கவனிக்க வேண்டும். சாலை, குப்பை, குடிநீர் விநியோகம் முதலியவை நகர, மாவட்டக் கவுன்சில்களின் பொறுப்பு. ஆறு, ஏரி, நிலத்தடி நீர், காற்று, கடலோரம் ஆகியவற்றைக் காப்பது பிராந்தியக் கவுன்சிலின் பொறுப்பு. சில பகுதிகளில் மட்டும் ஒரே கவுன்சில் இரண்டையும் சேர்த்து வகிக்கின்றது. மற்ற இடங்களில் ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் மாவட்டக் கவுன்சிலாயினும், தண்ணீர் எடுக்கப் பிராந்தியக் கவுன்சிலிடம் அனுமதி பெற்றாக வேண்டும். எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று பிரித்து வைத்ததன் கருத்து எளிதில் விளங்கும். தன் கணக்கைத் தானே தணிக்கை செய்பவனுக்குப் பிழை கண்ணில் படுவதில்லை.

அனுமதியும் நிபந்தனையும்

1991ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வள நிர்வாகச் சட்டமே இக்கண்காணிப்புக்கு அடிப்படையாக அமைந்தது. அதன் சாரம் இது: கழிவை நீரில் விடுவதற்கு எவருக்கும் இயல்பான பாத்தியதை இல்லை. ஒன்று, கவுன்சிலின் விதிகள் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். அல்லது தனி அனுமதி பெற வேண்டும். பெருமளவில் தண்ணீர் எடுப்பதற்கும் அப்படியே. அனுமதியோடு நிபந்தனைகள் வரும். எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எந்தக் காலத்தில் நிறுத்த வேண்டும், கழிவு நீரை எங்கே பாய்ச்சலாம் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். இத்தகைய அனுமதிக்கு உச்ச வரம்பு 35 ஆண்டுகள்.

அனுமதி கொடுத்ததோடு கவுன்சிலின் கடமை தீர்ந்துவிடவில்லை. நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிப்பதையும், நாட்டின் நீர் எந்த நிலையில் உள்ளது என்று அளந்து வருவதையும் சட்டமே கடமையாக விதித்தது. பார்வையிடும் செலவை அனுமதி பெற்றவரிடமே வசூலிக்கவும் இடம் உண்டு. நீரால் பயன் பெறுபவர் நீரைக் காக்கும் செலவில் பங்கு கொள்வது நியாயமே அன்றோ!

தண்ணீர் எடுப்பதை அளக்காமல் கட்டுப்படுத்த இயலாது. ஆகையால் 2010ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்குமுறை வந்தது. வினாடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ எடுக்க அனுமதி பெற்றவர்கள் மீட்டர் பொருத்திக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அது. மீட்டர் வருமுன் ஒவ்வொருவரும் அடுத்தவர்தாம் அதிகம் எடுக்கின்றார் என்று சொல்வது வழக்கம். மீட்டர் வந்தபின் சண்டைக்குப் பதில் கணக்குப் பேசுகின்றது.

பால்பண்ணையில் பார்ப்பது என்ன?

நியூஜிலாந்துப் பால்பண்ணையில் நூற்றுக்கணக்கான பசுக்களைப் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை கறவைக் கொட்டகைக்கு ஓட்டி வருவார்கள். கறவை முடிந்ததும் சாணமும் மூத்திரமும் நீர் பாய்ச்சிக் கழுவப்படும். இக்கழிவு நீர் குட்டையில் சேர்ந்து, பின்னர் புல்வெளிக்குப் பாய்ச்சப்படுகின்றது. நிலம் உலர்ந்திருக்கும்போது அளவாகப் பாய்ச்சினால் அது நல்ல உரம். மழையில் ஊறிய நிலத்தில் பாய்ச்சினாலோ, மண் அதை உறிஞ்சாது. அது மேலோடி வாய்க்காலில் விழும். உரம் ஒன்றுதான், இடமும் காலமும் தவறினால் அதுவே நஞ்சாகிவிடுகின்றது.

கவுன்சிலின் உத்தியோகஸ்தர் பண்ணைக்கு வந்தால் அலுவலகத்தில் அமர்ந்து தஸ்தாவேஜைப் புரட்டுவதோடு நிற்பதில்லை. குட்டை விளிம்பு வரை நிறைந்திருக்கின்றதா, கரையில் கசிவு உண்டா, நீர் தெளிக்கும் கருவியை இடம் மாற்றி வருகின்றார்களா, புல்வெளியில் கழிவு தேங்கி நிற்கின்றதா, ஓடைக்கு எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்கின்றார். முன்னறிவிப்பின்றி வருவதும் உண்டு. தாரனாக்கி பிராந்தியத்தில் பால்பண்ணைகளை ஆண்டுதோறும் பார்வையிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வந்தது. வைகாட்டோ பிராந்தியத்திலோ பண்ணைகள் மிகப் பல. அங்கே ஹெலிகாப்டரில் பறந்து மேலிருந்து பார்த்ததும் உண்டு.

பார்வையின் முடிவு நான்கு தரமாக எழுதப்படுகின்றது: முழுதும் சரி, சிறு குறை, நடுத்தரக் குறை, பெருங்குறை. குறைக்கேற்ப நடவடிக்கையும் படிப்படியாக ஏறும். முதலில் அறிவுரை; பின்னர் எச்சரிக்கைக் கடிதம்; அதற்கு மேல் குறிப்பிட்ட தேதிக்குள் குறையை நீக்குமாறு ஆணை; பின்னர் அபராதம்; கடைசியில் வழக்கு. எடுத்த எடுப்பிலேயே எவரையும் கோர்ட்டுக்கு இழுப்பது நோக்கமன்று. ஆனால் ஆற்றில் நேராகக் கழிவை விட்டவர் முதற்படியில் நின்று மன்னிப்புக் கேட்டுத் தப்பவும் முடியாது.

இத்தனை படிகளிலும் உயிர்நாடியான படி எது? ஆணையில் குறித்த தேதி கடந்த மறுநாள் திரும்பிச் சென்று பார்ப்பதே. திரும்பிச் செல்லாவிட்டால் ஆணை வெறும் காகிதம். இரண்டாம் முறை உத்தியோகஸ்தர் வருவார் என்று நிச்சயம் தெரிந்தால்தான் முதல் முறை சொன்ன சொல்லுக்கு மதிப்புண்டு. இது நியூஜிலாந்துக்கு மட்டும் உரிய உண்மையன்று.

கண்டிப்போடு உதவியும் சேர்ந்தால் வேலை விரைந்து நடக்கும். தாரனாக்கியில் 1990களில் தொடங்கிய ஓடைக்கரைத் திட்டம் இதற்குச் சான்று. ஓடைக்கு வேலியிட்டு மாடுகளை ஒதுக்கி, கரையில் செடி நடும்படி விவசாயிகளை ஊக்குவித்தார்கள். பண்ணைக்குப் பண்ணை தனித் திட்டம் எழுதிக் கொடுத்ததும், செடிகளை அடக்க விலைக்கு வழங்கியதும் கவுன்சிலே. வேலியும் உழைப்பும் விவசாயிகளுடையவை. இவ்வாறு கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே வரப்பில் நின்று வேலை செய்தனர்.

தண்ணீரையே கேட்பது

மனிதனைப் பார்ப்பது ஒரு வகைக் கண்காணிப்பு; தண்ணீரைப் பார்ப்பது மற்றொரு வகை. பண்ணைகள் யாவும் விதிப்படி நடக்கின்றன என்று ஏட்டில் இருந்து, ஆறு மட்டும் கெட்டுக்கொண்டே போனால் விதியே போதாது என்று பொருள். ஆகவே ஆற்றில் நிலையான இடங்களைக் குறித்துக்கொண்டு, பெரும்பாலும் மாதந்தோறும் அதே இடத்தில் நீர் மாதிரி எடுக்கின்றார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், கரைந்துள்ள பிராணவாயு, வெப்பம், மலக்கிருமி முதலியவை அளக்கப்படுகின்றன.

மலக்கிருமிக்கு அடையாளமாக ஈ-கோலி என்னும் நுண்ணுயிரை எண்ணுகின்றார்கள். ஆற்றில் குளிப்பதற்கு, 100 மில்லி லிட்டரில் 260க்கு மேற்பட்டால் எச்சரிக்கை. 540ஐத் தாண்டினால் குளிக்கலாகாது என்பது அந்நாட்டில் வழங்கி வந்த வழிகாட்டி. குடிநீரிலோ ஒன்றுகூட இருத்தல் ஆகாது.

சில சோதனைகள் வியப்பூட்டும் அளவு எளியவை. நீரின் தெளிவை அளக்க ஒரு கறுப்பு வட்டத் தகட்டை நீருக்குள் வைத்து, நீர் மட்டத்தின் கீழே பார்க்க உதவும் கருவியால் நோக்கிக்கொண்டே பின்வாங்குவார்கள். தகடு கண்ணுக்கு மறையும் தூரமே தெளிவின் அளவு. மற்றொரு சோதனை ஆற்றுப் பூச்சிகளை எண்ணுவது. ஜான் ஸ்டார்க் என்னும் விஞ்ஞானி 1985ஆம் ஆண்டில் தாரனாக்கி ஓடைகளை ஆராய்ந்து இம்முறையை வகுத்தார். கல்லடியில் வாழும் சில பூச்சிகள் சுத்த நீரில் மட்டுமே பிழைக்கும். புழுக்களும் நத்தைகளும் கெட்ட நீரிலும் பிழைக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுக் கணக்கிட்டால், 120ம் அதற்கு மேலும் மிக நன்று. 80க்குக் கீழ் மோசம். நீர் மாதிரி அந்த ஒரு நிமிஷத்து நிலையைச் சொல்லும். பூச்சியோ பல மாதமாக ஆறு எப்படி இருந்தது என்று சொல்லும். இரவில் கழிவை விட்டுவிட்டுப் பகலில் நல்லவராக நிற்பவரைப் பூச்சி காட்டிக்கொடுத்துவிடும்!

நிலத்தடி நீர் விஷயத்தில் இன்னும் தூரதிருஷ்டி வேண்டும். டௌப்போ ஏரி நியூஜிலாந்தின் மிகப் பெரிய ஏரி. அதைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களிலிருந்து இறங்கும் நைட்ரஜன், நிலத்தடி நீரோடு மெல்ல நகர்ந்து ஏரியை அடையப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். இன்று ஏரி தெளிவாயிருப்பது பாட்டன் காலத்துப் பயன். இன்றைய பிழையின் பலனைப் பேரன் காண்பான். இதை அறிந்த வைகாட்டோ கவுன்சில் பண்ணைக்குப் பண்ணை நைட்ரஜனுக்கு வரம்பு விதித்தது. மத்திய அரசும் ஸ்தல ஸ்தாபனங்களும் சேர்ந்து நிதி திரட்டி, 20 சதவீதம் குறைப்பது என்னும் குறியுடன் நிலத்தின் உபயோகத்தை மாற்ற உதவின. 2015ஆம் ஆண்டில் அதற்குரிய உடன்படிக்கைகள் நிறைவெய்தின.

அளந்தவற்றைப் பூட்டி வைப்பதில்லை என்பதும் முக்கியம். எல்லாக் கவுன்சில்களின் அளவீடுகளும் ஒரே இணையதளத்தில் பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. தன் ஊர் ஆற்றில் பிள்ளைகள் குளிக்கலாமா என்று ஒரு தாய் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

காவல் தவறிய இடம்

இத்துணை ஏற்பாடுகள் உள்ள தேசத்தில் தண்ணீரால் துன்பம் வருமா? வந்தது.

வடக்குத் தீவின் கீழ்க்கரையில் ஹாக்ஸ் பே என்னும் பிராந்தியத்தில் ஹேவ்லாக் நார்த் என்று ஒரு சிறு நகரம் உண்டு. மக்கள் சுமார் 14,000. அந்நகருக்கு ஹேஸ்டிங்ஸ் மாவட்டக் கவுன்சில் புரூக்வேல் சாலைக் குழாய்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் கொடுத்து வந்தது. ஆழத்து நீர் சுத்தமானது என்னும் நம்பிக்கையால் குளோரின் சேர்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 5, 6 தேதிகளில் பெருமழை பெய்தது. மேய்ச்சல் நிலத்து ஆட்டுப் புழுக்கையை மழை வாரிக்கொண்டு போய் அருகிலிருந்த குட்டையில் சேர்த்தது. குட்டைக்கும் முதற்கிணற்றுக்கும் இடையே தூரம் சுமார் 90 மீட்டர். குட்டை நீர் நிலத்துள் இறங்கி நீர்ப்படுகையில் கலந்தது. பம்பு அதை இழுத்து வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சில நாட்களில் நகரமெங்கும் வயிற்றுப்போக்கு. காம்பிலோபாக்டர் என்னும் கிருமியே காரணம். 5,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர் என்று விசாரணையில் மதிப்பிடப்பட்டது. 45 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். நான்கு பேரின் மரணத்தோடு அந்நோய்க்குத் தொடர்பு உண்டு என்று பின்னர் கூறப்பட்டது.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. 2017ஆம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கைகள் எவருக்கும் முகத்தாட்சண்யம் காட்டவில்லை. நீர் கொடுத்த மாவட்டக் கவுன்சில் கிணற்று வாயின் பராமரிப்பை ஒழுங்காகப் பார்க்கவில்லை. பிராந்தியக் கவுன்சிலோ நிலத்தடி நீர்ப்படுகையின் காவலன் என்னும் கடமையில் தவறியது. கிணற்றைச் சுற்றியுள்ள அபாயங்களை அது போதிய அளவு அறிந்திருக்கவில்லை. மூடாமல் விட்ட பழைய துளைகள் அக்கம்பக்கத்தில் பல இருந்தன, அவற்றைக் கவனிக்கவில்லை. தான் கொடுத்த அனுமதியின் நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்றும் சரிவரப் பார்க்கவில்லை. இரு கவுன்சில்களுக்கும் இடையே கலந்துபேசும் வழக்கமும் குறைந்திருந்தது. இக்குறைகளில் எதுவும் நேராக நோயை உண்டாக்கிற்று என்று குழு கூறவில்லை. ஆயினும் அவை இல்லாதிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்றது.

எல்லாவற்றிலும் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. 1998ஆம் ஆண்டிலேயே அதே நகரில், அதே கிணற்றுப் பகுதியின் நீரால் இத்தகைய நோய் ஒருமுறை பரவியிருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் பாடம் மறந்துபோயிற்று.

பலரைப் பிடிக்கும் வலை ஒன்று இங்கே விரிந்து கிடப்பதை நாம் காண வேண்டும். சட்டம் இருந்தது, அனுமதி இருந்தது, நிபந்தனை இருந்தது, அலுவலகம் இருந்தது. "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இவரும், "இவர் பார்த்துக்கொள்வார்" என்று அவரும் இருந்தனர். எடுப்பவரையும் பார்ப்பவரையும் பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடே. ஆனால் பிரித்தபின் பார்ப்பவர் பாராமலும், இருவரும் பேசாமலும் இருந்தால் அந்த இடைவெளியில் குட்டை நீர் புகுந்துவிடுகின்றது.

பின்னர் நடந்தவை

இரு கவுன்சில்களும் சுகாதார அதிகாரிகளும் சேர்ந்து அமர்ந்து பேசும் கூட்டுக் குழு அமைந்தது. 2021ஆம் ஆண்டில் தேசம் முழுதுக்கும் குடிநீர்ச் சட்டம் வந்தது; அதை நிறைவேற்றத் தனி ஆணையமும் பொறுப்பேற்றது. நீர் கொடுப்பவர்கள் தம் ஊற்றுக்கு எங்கிருந்து ஆபத்து வரக்கூடும் என்று ஆராய்ந்து திட்டம் எழுதவேண்டியதாயிற்று. பிராந்தியக் கவுன்சில்களை மாற்றி அமைக்கவும், 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டங்கள் கொண்டுவரவும் 2025ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு முன்வந்தது. பலகையில் எழுதும் பெயர் எதுவாயினும், கிணற்றடிக்கு ஒருவர் போய்ப் பார்க்க வேண்டிய வேலை மாறப்போவதில்லை.

நமக்குரிய கேள்விகள்

அன்பர்களே! ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நடந்ததை இவ்வளவு விரிவாகச் சொன்னது கதை சொல்வதற்காக அன்று. ஆட்டுப் புழுக்கையும் மழையும் குட்டையும் குழாய்க் கிணறும் நம் ஊரிலும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன்னைத்தானே ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது, நம் குடிநீர்க் கிணற்றின் வாயைச் சுற்றிப் பழுதற்ற சிமெண்டு மேடை இருக்கின்றதா? இரண்டாவது, அதைச் சுற்றித் தொழுவம், எருக்குழி, கழிவறைக் குழி, தேங்கும் குட்டை, கைவிடப்பட்ட பழைய துளைக் கிணறு ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று ஒரு படம் வரைந்து வைத்திருக்கின்றோமா? மூன்றாவது, தண்ணீரை, குறிப்பாகப் பெருமழைக்குப் பின், யார் சோதிக்கின்றார், முடிவு எந்த ஏட்டில் எழுதப்படுகின்றது? நான்காவது, அம்முடிவு ஊரார் படிக்கும் இடத்தில் ஒட்டப்படுகின்றதா? ஐந்தாவது, குறை கண்டபின் அது நீங்கியதா என்று திரும்பிச் சென்று பார்த்தவர் யார், எந்தத் தேதியில்?

முதல் நான்குக்கும் விடை சொல்லக்கூடிய பஞ்சாயத்துகள் பல உண்டு என்பது நமது நம்பிக்கை. ஐந்தாவதற்கு விடை சொல்லும் பஞ்சாயத்தே தன் மக்களைக் காத்த பஞ்சாயத்து ஆகும். அதற்குப் பெரும் நிதி வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுப்பேற்ற ஒருவரும், அவர் எழுதியதைக் கூட்டந்தோறும் படித்துக் கேட்கும் வழக்கமும் போதும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் நிலை நம் கிராமங்களுக்கு வாராதிருக்க, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்வைந்து கேள்விகளையும் சேர்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.